பட்டம் விட்ட ஊர், கைவிலங்கு மாட்டிய அரசு: ஜப்பானின் மஞ்சள் அட்டைப் புத்தகங்கள் யாரைக் கேலி செய்தன?

பெரிய மனிதர் ஒருவர் ஒரு நூல் எழுதுகிறார். தலைப்பு, 'மைனாவின் பேச்சு'. நாட்டை ஆள்வதைப் பட்டம் விடுவதோடு ஒப்பிட்டு அதில் ஏதோ சொல்லியிருக்கிறார். படித்தவர்களுக்குப் பாதிதான் புரிகிறது. 'ஓஹோ, பட்டம் விட்டா நாடு நல்லா இருக்குமாம்' என்று எடுத்துக்கொண்டு, ஊரே பட்டத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. வானம் முழுக்கப் பட்டம்.

இது 1789-ல் ஜப்பானில் வெளியான ஒரு படக்கதைப் புத்தகத்தில் வரும் காட்சி. வாங்கிப் படித்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தப் 'பெரிய மனிதர்' யார் என்று எல்லோருக்கும் தெரியும். புத்தகத்தில் மட்டும் அவர் பெயர் எங்கேயும் இல்லை.

எழுதியவரை விசாரணைக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. உடம்பு சரியில்லை என்று சொல்லி அவர் போகவில்லை. அதே ஆண்டில் இறந்துபோனார்.

பெயர் சொல்லாமல் ஒருவரைப் படத்தில் எப்படி மாட்டிவிடுவது? அதற்கு அரசு எப்படிப் பதில் சொன்னது? பயந்து சிரிப்பு நின்றுவிட்டதா? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில், இது எந்தக் காலம்?

இன்றைய டோக்கியோவின் பழைய பெயர் எடோ. 1603 முதல் 1868 வரை டோக்குகாவா குடும்பத்து ஷோகன்கள் அங்கிருந்து ஜப்பானை ஆண்டார்கள். பேரரசர் கியோட்டோவில் இருந்தார். அதிகாரம் எடோவில் இருந்தது.

18-ம் நூற்றாண்டில் எடோவின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். உலகின் மிகப் பெரிய நகரங்களில் ஒன்று. போர் கிடையாது. வாள் வைத்திருந்த சாமுராய்கள் பலர் அலுவலகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். வியாபாரிகள் கையில் காசு புழங்கியது. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏராளம்.

புத்தகம் வாங்கக் காசு இல்லையா? பிரச்சினை இல்லை. மூட்டையில் புத்தகங்களைக் கட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து வாடகைக்குக் கொடுப்பவர்கள் இருந்தார்கள். 1808-ல் எடோவில் மட்டும் இப்படி 650-க்கும் மேற்பட்ட வாடகை நூலகங்கள் இருந்தன.

ஆக, சிரிக்க ஆளும் இருந்தது, நேரமும் இருந்தது. ஒன்றுக்குத்தான் தடை. ஆளும் டோக்குகாவா குடும்பத்தைப் பற்றி எழுதக்கூடாது என்று 1722-லேயே உத்தரவு போட்டிருந்தார்கள். புத்தகத்தின் கடைசியில் எழுதியவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருந்தது. தப்பு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று தெரிய வேண்டுமே!

ஒரு பக்கம் எப்படித் தயாரானது?

இந்தப் புத்தகங்களில் ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடிக்கும் முறை கிடையாது. எல்லாம் மரப்பலகைதான்.

ஓவியர் மெல்லிய தாளில் படத்தை வரைவார். எழுத்தும் அதே தாளில் எழுதப்படும். அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையின் மேல் குப்புற ஒட்டுவார்கள். செதுக்குபவர், கோடுகளை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தையெல்லாம் குடைந்து எடுப்பார். பிறகு அச்சடிப்பவர் பலகையில் மை தடவி, தாளை வைத்து, வட்டமான தேய்ப்பான் ஒன்றால் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பார். தாளை எடுத்தால் பக்கம் ரெடி.

ஓவியர், செதுக்குபவர், அச்சடிப்பவர். இந்த மூவரையும் வேலை வாங்கிக் காசு போடுபவர் பதிப்பாளர். நாலு பேர் கூட்டணி.

இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. எழுத்தும் படமும் ஒரே பலகையில் செதுக்கப்பட்டதால், எழுத்தை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். ஆள் பேசுகிறாரா? அவர் காதுக்குப் பக்கத்திலேயே பேச்சைச் செதுக்கிவிடலாம். கூரைக்கு மேலே, கதவுக்குப் பின்னால், ஆட்களின் கால் இடுக்கில் என்று இடம் கிடைத்த பக்கமெல்லாம் எழுத்து. அதனால் பக்கத்தைப் பார்ப்பதும் படிப்பதும் ஒரே வேலை ஆகிவிட்டது. படம் ஒன்று சொல்லும், எழுத்து வேறொன்று சொல்லும், நடுவில் சிரிப்பு பிறக்கும்.

மஞ்சள் அட்டைப் புத்தகம் என்றால்?

ஜப்பானிய மொழியில் 'கிபியோஷி'. நேரடிப் பொருளே மஞ்சள் அட்டைதான். ஒரு பகுதிக்கு 10 பக்கம். இரண்டு, மூன்று பகுதிகள் சேர்ந்தால் ஒரு கதை. பெரும்பாலும் புத்தாண்டுக்குத்தான் ரிலீஸ். அதற்கு முன்பும் சிவப்பு அட்டை, கறுப்பு அட்டை என்று படக்கதைகள் வந்துகொண்டிருந்தன. ஆனால் அவை எளிய கதைகள், நாடகக் கதைச் சுருக்கங்கள்.

1775-ல் கதை மாறியது. கொய்காவா ஹருமாச்சி என்ற சாமுராய் 'கின்கின் வாத்தியாரின் சொகுசுக் கனவு' என்று பொருள்படும் ஒரு புத்தகத்தை எழுதி, படமும் அவரே வரைந்தார்.

கதை சிம்பிள். கிராமத்து இளைஞன் ஒருவன் பிழைப்புத் தேடி எடோவுக்கு வருகிறான். வழியில் தினை மாவுப் பலகாரக் கடையில் ஆர்டர் கொடுத்துவிட்டு, வேகும் வரை கண்ணயர்கிறான். கனவில் ஒரு பணக்கார வியாபாரி அவனைத் தத்து எடுக்கிறார். லேட்டஸ்ட் ஃபேஷன் உடை, கேளிக்கை, கூட்டாளிகள் என்று காசைக் கரைக்கிறான். கடைசியில் வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். கண் விழித்தால், பலகாரம் இன்னும் வேகவே இல்லை!

இது ஒரு பழைய சீனக் கதையின் சாயல்தான். ஆனால் உடை, தலைமுடி, பேச்சு எல்லாம் அன்றைய எடோவின் மைனர்களுடையது. தங்களையே கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்கள் வாசகர்கள். தூங்குகிறவனின் கழுத்துப் பக்கத்திலிருந்து ஒரு குமிழி கிளம்பி, அதற்குள் கனவு விரியும்படி படம் இருக்கும். இன்றைய காமிக்ஸ் படிப்பவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

மூக்கைப் பார்த்தாலே சிரிப்பு

அடுத்த சூப்பர் ஹிட் 1785-ல். எழுதியவர் சாண்டோ கியோடென். கிடாவோ மசனோபு என்ற பெயரில் படம் வரைந்ததும் அவரேதான்.

ஹீரோ எஞ்சிரோ, பணக்கார வீட்டுப் பிள்ளை. சப்பையான, மேல்நோக்கிய மூக்கு. ஆள் அழகில்லை. ஆனால் ஊரே பேசும் காதல் மன்னன் ஆக வேண்டும் என்று ஆசை. என்ன செய்வான்? காசு கொடுத்து ஒரு பெண்ணைத் தன் வீட்டுக்குள் ஓடிவரச் சொல்லி, 'எஞ்சிரோ இல்லாமல் வாழ மாட்டேன்' என்று கத்த வைக்கிறான். அக்கம்பக்கத்தினர் கண்டுகொள்ளவில்லை. உடனே அந்தச் செய்தியைத் துண்டுத்தாளில் அச்சடித்து விற்கச் சொல்கிறான். அதையும் யாரும் வாங்கவில்லை.

கடைசியில், காதலர்கள் சேர்ந்து சாவது போல ஒரு நாடகம் போடலாம் என்று கிளம்புகிறான். வழியில் திருடர்கள் மறித்து உடையை உருவிக்கொள்கிறார்கள். அந்தத் 'திருடர்கள்' யார் தெரியுமா? மகனுக்குப் புத்தி வர வேண்டும் என்று வேஷம் போட்டு வந்த அவன் அப்பாவும் கடைக் கணக்குப்பிள்ளையும்!

வைரலாக வேண்டும் என்று காசு செலவழிக்கும் ஆட்களை நாம் இன்று தினமும் போனில் பார்க்கிறோம். எஞ்சிரோ அவர்களுக்கு 240 வருஷ சீனியர்.

அந்த மூக்கு அவ்வளவு பிரபலமானதால் 'கியோடென் மூக்கு' என்றே பெயர் வந்துவிட்டது. கியோடென் தன்னையே வரையும்போதும் அதே மூக்கைத்தான் மாட்டிக்கொண்டார்.

கடவுளின் கைகள் வாடகைக்கு!

அதே 1785-ல் இன்னொரு புத்தகம். எழுதியவர் ஷிபா சென்கோ, படம் கியோடென். ஆயிரம் கைகள் கொண்ட கன்னோன் ஜப்பானியர்கள் வணங்கும் கருணைத் தெய்வம். இந்தியாவிலிருந்து பௌத்தத்தோடு போன அவலோகிதேஸ்வரர்தான் அங்கே கன்னோன். இந்தக் கதையில் அவருக்கே பணக்கஷ்டம். அதனால் தன் கைகளை வாடகைக்கு விடுகிறார்.

போரில் கையை இழந்த வீரன் வருகிறான். எழுதத் தெரியாதவன் வருகிறான். வாடிக்கையாளரை மயக்கும் 'கைவரிசை' போதாத கணிகை வருகிறாள். வாடகை முடிந்து கைகள் திரும்பி வரும்போது பார்த்தால், சாயக்காரர் கொண்டுபோனது நீலமாகிவிட்டது. வேலைக்காரப் பெண் கொண்டுபோனதில் ஊறுகாய் வாசம். கணிகை கொண்டுபோனதில் சுண்டுவிரலைக் காணோம். (காதலுக்குச் சாட்சியாக விரலை வெட்டிக் கொடுக்கும் வழக்கம் அன்று அவர்களிடையே இருந்தது.)

சாமியையே கலாய்க்க முடிந்தது. அதற்காக யாரும் கைதாகவில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

பெயர் போடாமல் மாட்டிவிடுவது எப்படி?

ஆட்சியில் இருப்பவர்களைத் தொட வேண்டும், ஆனால் பெயர் வரக்கூடாது. இதற்கு இந்தப் புத்தகக்காரர்கள் கையாண்ட வழிகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது, காலத்தை மாற்றுவது. நேற்று நடந்ததை 600 வருஷத்துக்கு முன்னால் நடந்ததாக எழுதிவிடுவது. கபுகி நாடகக்காரர்கள் ஏற்கெனவே செய்துவந்த தந்திரம் இது. பெயர்கள் பழைய வரலாற்றுப் பெயர்கள், நடப்பு இன்றைய நடப்பு.

இரண்டாவது, உடையில் ஒரு அடையாளம். கிபியோஷி படங்களில் ஆட்களின் சட்டைக் கையில் ஒரு வட்டத்துக்குள் அவர்கள் பெயரின் ஓர் எழுத்தைப் போடுவது வழக்கம். யார் யார் என்று குழம்பாமல் இருக்கத்தான். அந்த இடத்தில் ஒரு குடும்பச் சின்னத்தை வைத்தால்? ஜப்பானில் ஒவ்வொரு பெரிய குடும்பத்துக்கும் ஒரு சின்னம் உண்டு. எடோவாசிகளுக்கு அவை அத்துப்படி.

மூன்றாவது, சொன்னதை அப்படியே செய்வது. மேலிடத்து உபதேசத்தை வார்த்தைக்கு வார்த்தை நடைமுறையில் செய்து காட்டினால் போதும். கேலி தானாக வரும். பட்டம் கதை அந்த ரகம்தான்.

மூன்றிலும் பாதி வேலை வாசகருடையது. புத்தகம் எதையும் சொல்லவில்லை, வாசகர் புரிந்துகொள்கிறார். 'இது என்னைத்தான் சொல்கிறது' என்று அதிகாரி கோபப்பட்டால், அந்தக் கோமாளி தன்னை மாதிரியே இருக்கிறான் என்று அவரே ஒப்புக்கொண்டது போல ஆகிவிடும்!

அரசைச் சீண்டிய அந்த இரண்டு புத்தகங்கள்

1787-ல் மட்சுதைரா சதானோபு என்பவர் ஷோகனின் தலைமை அமைச்சர் ஆனார். அதற்கு முன் பெரும் பஞ்சம், எடோவில் அரிசிக் கலவரம், முந்தைய ஆட்சியில் லஞ்சப் புகார்கள். சதானோபு சாட்டையைச் சுழற்றினார். சிக்கனம், ஒழுக்கம். சாமுராய்கள் கல்வியிலும் வீரத்திலும் பயிற்சி எடுக்க வேண்டும் என்று கட்டளை. வரலாற்றில் இதற்குக் 'கன்செய் சீர்திருத்தம்' என்று பெயர்.

1788-ல் முதல் அடி விழுந்தது. ஹோசெய்டோ கிசான்ஜி எழுதிய புத்தகம். தலைப்பிலேயே தானியம் சலிக்கும் சல்லடை வருகிறது. பழைய கமகுரா காலத்துத் தளபதி ஹதகேயாமா ஷிகெதாடா, சாமுராய்களைச் சலித்துப் பார்க்கிறார். கல்வியாளர்கள் ஒரு பக்கம், வீரர்கள் ஒரு பக்கம். இரண்டிலும் சேராத சோம்பேறிகள் மிச்சம். அந்த மிச்சத்தை ஹகோனே வெந்நீர் ஊற்றுகளுக்கு அனுப்பி வைக்கிறார்கள். அங்கே அவரவர் பொழுதுபோக்கில் அவரவர் மூழ்குகிறார்கள்.

கதையில் வருவது 600 வருஷத்துக்கு முந்தைய தளபதி. ஆனால் படத்தில் அவர் உடையில் இருப்பது பிளம் பூச்சின்னம். அது சதானோபு குடும்பத்தின் சின்னம். போதாதா? புத்தகம் பரபரவென விற்றது.

1789-ல் இரண்டாவது அடி. கின்கின் கனவை எழுதிய அதே ஹருமாச்சியின் புத்தகம். படம் கிடாவோ மசயோஷி. தலைப்பில் கிளிப்பிள்ளை வருகிறது. சதானோபு எழுதி, கைப்பிரதியாகச் சுற்றிவந்த ஓர் உபதேச நூலின் பெயரிலும் கிளி உண்டு. கதைக்குள் கிளி மைனாவாக மாறியது. மேலே பார்த்த பட்டம் கதை இதில்தான் வருகிறது. 'வீரப் பயிற்சி' என்ற கட்டளையைக் கேட்ட சாமுராய்கள், பழைய வீரர்களைப் போலவே ஆகிறோம் என்று தெருவில் போகிறவர்கள் மேல் பாய்கிறார்கள். குதிரை ஏற்றத்துக்குக் குதிரை கிடைக்காமல் ஆட்கள் மேலேயே ஏறிக்கொள்கிறார்கள்.

சதானோபுவைக் கெட்டவர் என்று அந்தப் புத்தகம் ஓரிடத்திலும் சொல்லவில்லை. மேலே ஒன்று சொன்னால் கீழே அது என்னவாக ஆகிறது என்பதைத்தான் காட்டியது. நிஜமாகவே சுட்டது அதுதான்.

அரசு என்ன செய்தது?

கிசான்ஜியும் ஹருமாச்சியும் புனைபெயர்கள். இருவருமே நிஜத்தில் பிரபுக்களிடம் பொறுப்பான வேலையில் இருந்த சாமுராய்கள். அவர்களைத் தண்டிக்கக் கோர்ட் தேவையில்லை. எஜமானர் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கிசான்ஜி அகிதா பிரபுவின் எடோ பிரதிநிதி. அவர் இந்த மாதிரிக் கதைகள் எழுதுவதையே நிறுத்திவிட்டார். ஹருமாச்சிக்கு நேரடி அழைப்பே வந்தது. போகவில்லை. வேலையை விட்டார். சில மாதங்களில் இறந்தார். வயது 45-தான் இருக்கும். தற்கொலையாக இருக்கலாம் என்ற பேச்சு அப்போதிருந்தே உண்டு. உறுதியான ஆதாரம் கிடையாது.

1790-ல் புதிய பதிப்புச் சட்டம். நடப்பு விஷயங்களைப் படமாகவோ கதையாகவோ போடக்கூடாது. பழைய கால வேஷம் போட்டும் எழுதக்கூடாது. அதாவது, அந்த முதல் தந்திரத்தையே குறிவைத்துத் தடை. வெளியிடும் முன் பரிசோதனை கட்டாயம்.

1791-ல் கியோடென் மாட்டினார். கணிகையர் பகுதியைப் பற்றி அவர் எழுதிய மூன்று உரையாடல் கதைகளுக்காக 50 நாள் கைவிலங்கு. சிறையில் அல்ல, வீட்டிலேயே கையைக் கட்டி உட்கார வைப்பது. எழுதிப் பிழைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டனை ஏது? அவற்றை வெளியிட்ட சுதாயா ஜூசாபுரோவுக்குச் சொத்தில் பாதி அபராதம். கிசான்ஜி, ஹருமாச்சியின் அந்த இரண்டு புத்தகங்களையும் வெளியிட்டவர் இதே சுதாயாதான்.

ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி 2025-ல் ஆண்டு முழுக்க ஒளிபரப்பிய 'பெராபோ' தொடர் இந்தச் சுதாயாவின் கதையைத்தான் சொன்னது.

இன்னொரு வேடிக்கை. சாட்டை சுழற்றிய சதானோபுவும் இளவயதில், பிரபுக்களைக் கிண்டலடித்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதிப் பார்த்தவர்தான்! சிரிப்பின் பலம் அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

அத்தோடு சிரிப்பு நின்றதா?

நிற்கவில்லை. திசை மாறியது.

கியோடென் 1790-லேயே ரூட்டை மாற்றியிருந்தார். அந்த ஆண்டு வந்த ஒரு கிபியோஷியில் நல்ல ஆவி, கெட்ட ஆவி என்று குட்டி மனிதர்களை வரைய வைத்தார். தலைக்குப் பதில் ஒரு வட்டம், அதற்குள் 'நல்லது' அல்லது 'கெட்டது' என்ற எழுத்து. உடம்பில் கோவணம். ஒருவனை நல்வழிக்கும் கெட்டவழிக்கும் இழுத்துச் சண்டை போடுவார்கள். பார்வைக்கு நீதிக்கதை, அரசு ஆட்சேபிக்க முடியாது. ஆனால் வாசகருக்குப் பிடித்தது கெட்ட ஆவிகளின் சேட்டைதான். இன்றும் ஜப்பானிய மொழியில் நல்ல கொலஸ்ட்ரால், கெட்ட கொலஸ்ட்ரால் என்பதற்கு அந்த ஆவிகளின் பெயர்களைத்தான் சேர்த்துச் சொல்கிறார்கள்.

சுதாயாவும் சும்மா இருக்கவில்லை. பாதிச் சொத்து போன பிறகு, 1794-ல் ஷராகு என்ற புது ஓவியரைக் களமிறக்கினார். கபுகி நடிகர்களின் பெரிய மூக்கு, கோணிய வாய், ஒட்டிய கண் எதையும் மறைக்காத முகங்கள். இவை புத்தகங்கள் அல்ல, தனித் தாள்கள். சுமார் 10 மாதத்தில் 140-க்கும் மேற்பட்ட படைப்புகள். பிறகு ஷராகு மறைந்தே போனார்.

இந்த மாதிரி நடிகர் கேலிக்கு ஒசாகாவில் முன்பே ஒரு பாரம்பரியம் உண்டு. கையும் காலும் குச்சி மாதிரி நீளும் கேலிப்படங்கள் அங்கே 18-ம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே புத்தகமாக வந்தன. 1780-ல் நிச்சோசாய் என்ற ஒசாகாக்காரர், நடிகர்களை நாலே கோட்டில் அடையாளம் காட்டி ஒரு படப்புத்தகமே போட்டார்.

பட்டம் கதைக்குப் படம் போட்ட மசயோஷி என்ன ஆனார்? ஒரு பிரபுவின் அதிகாரபூர்வ ஓவியர் ஆனார். 1795-ல், மனிதர்களைச் சில கோடுகளில் சுருக்கி வரைவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அரசியல் போய்விட்டது. ஆனால் அந்தக் குறும்பான கோடு தங்கிவிட்டது.

ஹொக்குசாய் 'மாங்கா' எங்கிருந்து வந்தது?

பேரலை ஓவியத்தை நீங்கள் போன் வால்பேப்பரிலாவது பார்த்திருப்பீர்கள். அதை வரைந்த ஹொக்குசாய் 1814-ல் ஒரு படப்புத்தக வரிசையைத் தொடங்கினார். பெயர் 'ஹொக்குசாய் மாங்கா'. நகோயாவில் முதல் பகுதி வெளியானது. மொத்தம் 15 பகுதிகள். அவர் இறந்தது 1849-ல், கடைசிப் பகுதி வந்தது 1878-ல்!

இன்றைய மாங்கா காமிக்ஸ் போல இதில் தொடர்கதை கிடையாது. ஓவியம் கற்பவர்களுக்கான மாதிரிப் படங்கள். ஆனால் புரட்டினால் சிரிப்பு வரும். தொப்பைக்காரர்கள் குளிக்கிறார்கள். எலும்பும் தோலுமானவர்கள் வேலை செய்கிறார்கள். முகத்தைக் கோணலாக்கி விளையாடுகிறார்கள். கழுத்து பாம்பு மாதிரி நீளும் பேய் வருகிறது.

1834-ல் வந்த 12-ம் பகுதியில் ஒரு காட்சி. சாமுராய் ஒருவர் கழிப்பறையில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே காத்திருக்கும் அவருடைய ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள். பெயர் இல்லை, சின்னம் இல்லை, எந்த அமைச்சரும் இல்லை. எந்தச் சட்டத்தில் இதைத் தடுப்பது? இரண்டு வாள் வைத்திருந்தாலும் நாற்றம் நாற்றம்தான் என்று படம் சொல்லாமல் சொல்கிறது.

மறுபடி தடை, மறுபடி சிரிப்பு

1840-களில் இன்னொரு சீர்திருத்தம். இந்த முறை மிசுனோ தடாகுனி. நடிகர், கணிகை படங்களுக்கே 1842-ல் தடை. உடனே ஓவியர் உதாகாவா குனியோஷி பூனைகளையும் மீன்களையும் நடிகர்கள் ஆக்கினார். பூனைக்குத் தடை இல்லையே!

1843-ல் அவர் மூன்று தாள்கள் சேர்ந்த ஒரு படம் வெளியிட்டார். பழைய கால வீரன் யோரிமிட்சு படுத்துத் தூங்குகிறான், பின்னால் சிலந்திப் பேய், இருட்டில் பூதக் கூட்டம். சனங்கள் அதை எப்படிப் படித்தார்கள் தெரியுமா? தூங்குகிறவர் ஷோகன். பக்கத்தில் இருக்கும் வீரன் உடையில் மிசுனோவின் சின்னம். பூதங்கள், தடைகளால் பிழைப்பு போன மக்கள். வதந்தி பரவியதும் பதிப்பாளரே பயந்து படத்தைத் திரும்பப் பெற்றார்.

55 ஆண்டுக்கு முந்தைய அதே பழைய வேஷம், அதே குடும்பச் சின்னம். வாசகர்கள் மறக்கவே இல்லை.

ஷோகன் ஆட்சி 1868-ல் முடிந்தது. 1870-ல், சிறுவயதில் குனியோஷியிடம் பயின்ற கவனாபே கியோசாய் ஒரு விருந்தில் வரைந்த கேலிப்படத்துக்காகக் கைதானார். ஆட்சி மாறியது, அதிகாரிகளின் கோபம் மாறவில்லை.

எல்லாச் சிரிப்பும் நல்ல சிரிப்பா?

இல்லை. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தப் புத்தகங்கள் மேலே இருப்பவர்களை மட்டும் கேலி செய்யவில்லை. பார்வையற்றவர்களும் கிராமத்தாரும் குண்டானவர்களும் சுலபமான இலக்காக இருந்தார்கள்.

பல கதைகள் நடக்கும் யோஷிவாரா, அரசு அனுமதி பெற்ற கணிகையர் பகுதி. அங்கிருந்த பெண்களில் பலர் சிறுமிகளாக இருக்கும்போதே ஏழைக் குடும்பங்களால் விற்கப்பட்டவர்கள். சுண்டுவிரல் காணாமல் போனது நமக்கு ஜோக். அந்தப் பெண்ணுக்கு அது ஜோக்காக இருந்திருக்காது. எழுதியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஆண்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இவற்றைப் பார்க்க வேண்டும்.

எங்கே பார்க்கலாம்?

ஜப்பான் தேசிய நாடாளுமன்ற நூலகமும் வசேதா பல்கலைக்கழக நூலகமும் பல கிபியோஷி புத்தகங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஹொக்குசாய் மாங்காவின் பகுதிகள் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் தளங்களில் கிடைக்கின்றன. டோக்கியோ போகிறவர்களுக்கு, 2016-ல் திறந்த சுமிடா ஹொக்குசாய் மியூசியம் இருக்கிறது.

மொழி தெரியாதே என்று யோசிக்க வேண்டாம். முதலில் ஆட்களின் சட்டைக் கையைப் பாருங்கள், எழுத்தோ சின்னமோ இருக்கும். பிறகு மூக்கைப் பாருங்கள். அதன்பிறகு, மூலையில் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும் வேலைக்காரரைத் தேடுங்கள். பல நேரம் ஓவியர் நம்மை நிறுத்தியிருப்பது அந்த இடத்தில்தான்.

சதானோபு 1793-ல் பதவி விலகினார். அவர் எழுதிய உபதேச நூலை இன்று ஆய்வாளர்கள்தான் தேடிப் படிக்கிறார்கள். அதைக் கேலி செய்த முப்பது பக்கப் புத்தகத்தில் அந்தப் பட்டங்கள் இன்னும் பறந்துகொண்டிருக்கின்றன.